கட்டுண்ட காலும் கலங்கும் மனமும்

தெற்குக் கொல்கத்தாவில் ரவீந்திர சரோவர் என்றொரு பெரிய ஏரி உள்ளது. அதற்கு அருகிலுள்ள லேக் மார்க்கெட் பகுதியில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அங்கு வசிக்கும் அன்பர் ஒருவர், வயது 48, அந்த ஏரிக்கரையில் 11 ஆண்டுகளாக நாள்தோறும் காலை 5 மணிக்கு ஓடி வந்தார். ஓடி முடித்து வீடு திரும்பியதும் சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் சிவப்பு மையால் ஒரு கோடு இடுவார். மழை நாட்களிலும் கோடு விழும். மகளின் திருமணத்தன்று காலையிலும் கோடு விழுந்தது. ஓட்டம் முடிந்து குளித்தபின்தான் பூஜையும் ஜபமும். ஓடாத நாளில் ஜபம் நிலைப்பதில்லை என்று அவர் பெருமையாகவே சொல்வதுண்டு.

ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து யாரோ குதிகாலில் ஓங்கி உதைத்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. கெண்டைக்கால் தசையையும் குதிகால் எலும்பையும் இணைக்கும் தடித்த தசைநாண் முழுவதுமாக அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் மருத்துவர், முதல் இரண்டு வாரங்கள் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றும், ஓட்டத்தைப் பற்றி ஆறு மாதங்களுக்குப் பிறகு பேசலாம் என்றும் கூறிவிட்டார்.

அந்த நாட்களில் அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் சாரம் இது: 'வலி பொறுத்துக்கொள்ளக் கூடியதாகவே இருக்கிறது. பொறுக்க முடியாதது வேறு. விடியற்காலையில் ஜன்னல் வழியே தெருவில் ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நேற்று மனைவி, ஒரு கால்தானே, சரியாகிவிடும் என்றாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போக நினைத்தேன், எழவும் முடியவில்லை. ஓட்டத்தை நான் ஒரு சாதனையாகவே கருதியிருந்தேன். 11 வருடச் சாதனை 11 நாட்களில் கரைந்து போகுமானால், அது சாதனையா, பழக்கமா, அல்லது ஒருவகைப் போதையா?'

நான் உடனே ஒரு பக்க அளவில் பதில் எழுதினேன். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் குளிர், வெப்பம், இன்பம், துன்பம் ஆகியவை வந்து போகும் தன்மையுடையவை, அவற்றைப் பொறுத்துக்கொள் என்று பகவான் அர்ஜுனனுக்கு உபதேசிக்கும் இடத்தை விளக்கியிருந்தேன். உடல் கருவி, ஆன்மா அதனைக் கையாள்பவன் என்றும் எழுதியிருந்தேன். தவறாக எதுவும் எழுதவில்லை. அன்பர் ஒரே வரியில் நன்றி கூறி அஞ்சலட்டை அனுப்பினார். அதன்பின் கடிதம் வரவில்லை. ஐயம் தீர்ந்தது போலும் என்று நான் நிறைவோடு இருந்துவிட்டேன்.

சுமார் இரண்டு மாதங்கள் கழிந்தன. மழைக்காலம். ஆசிரமத்தின் பின்புறப் படிகளில் படர்ந்திருந்த பாசி வழுக்கி விழுந்தேன். கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரங்களுக்கு மாவுக்கட்டு.

என் வேலை மொழிபெயர்ப்பு. பகல் முழுவதும் மேஜையில் குனிந்தபடி அமர்ந்திருப்பவனுக்கு மாலையில் ஒரு மணி நேர நடை எத்தகையது என்பதை அத்தகைய வேலை செய்பவர்களே அறிவர். காலையில் தமிழுக்கு வர மறுத்து முரண்டு பிடிக்கும் வாக்கியம், மாலையில் மூன்றாவது மைல்கல்லைத் தாண்டும்போது தானாகவே இளகி வந்துவிடும். நடை நின்றதும் வாக்கியங்களும் நின்றுவிட்டன. நான்காம் நாள், இளம் பிரம்மசாரி ஒருவர் தேநீரைச் சற்றுத் தாமதமாகக் கொண்டு வந்தார். நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. அவரது முகம் மாறியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய வாரந்தான் அவருக்கும் மற்ற மாணவர்களுக்கும் 'திதிக்ஷை' என்ற பொறுமையைப் பற்றி இரண்டு வகுப்புகள் எடுத்திருந்தேன்.

அன்றிரவு அந்தக் கொல்கத்தா கடிதத்தைத் தேடியெடுத்து மீண்டும் படித்தேன். முதல் முறை படித்தபோது அவரது கேள்வியை நான் சரியாகப் படிக்கவேயில்லை என்பது புரிந்தது.

இழந்தது எதை?

'ஒரு கால்தானே' என்று சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் கணக்கு தவறு. நாள்தோறும் உடற்பயிற்சி செய்பவர் ஒரு காலின் உபயோகத்தை மட்டும் இழப்பதில்லை. விடியற்காலையை இழக்கிறார். அந்த நேரத்தில் சந்திக்கும் முகங்களை இழக்கிறார். உறக்கம் கெடுகிறது, பசி மாறுகிறது. நாளின் மற்ற கடமைகளைத் தாங்கி நின்ற தூண் ஒன்று சரிந்து விடுகிறது. 'நான் இன்னார்' என்று தம்மைப் பற்றித் தாமே வைத்திருந்த சித்திரமும் அதோடு சேர்ந்து அசைகிறது.

இது வெறும் மனப்பிரமை அல்ல என்பதற்கு ஓர் ஆராய்ச்சியைக் குறிப்பிடலாம். ஃபிரெடெரிக் பேக்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், உடற்பயிற்சியை நிறுத்தினால் உறக்கத்திலும் மனநிலையிலும் என்ன மாறுதல் ஏற்படும் என்று ஆராய விரும்பினார். ஒரு மாதம் பயிற்சியை நிறுத்தி வைக்க முன்வருபவர்களுக்குப் பணம் தருவதாகவும் கூறினார். தினமும் பயிற்சி செய்பவர்கள் அந்தப் பணத்திற்கும் இணங்கவில்லை. கடைசியில் வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் மட்டுமே பயிற்சி செய்பவர்களை வைத்துத்தான் அவர் ஆய்வை நடத்த வேண்டியதாயிற்று. 1970-இல் வெளிவந்த அந்த ஆய்வில், அவர்களுக்கே உறக்கம் குலைந்ததும் மனத்தில் பதற்றம் கூடியதும் தெரிய வந்தன. 2008-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஓட்டக்காரர்களின் மூளையைப் படமெடுத்து, நெடுநேர ஓட்டத்திற்குப் பிறகு வலியைத் தணித்து மகிழ்வூட்டும் எண்டார்ஃபின்கள் மூளையில் சுரப்பதற்கான சான்றுகளைக் கண்டனர். ஆகவே, அன்பர் கேட்ட 'போதையா?' என்ற கேள்வியை முற்றிலும் தள்ளிவிட முடியாது. உடல் ஒன்றுக்குப் பழகியிருந்தது. அது திடீரென நின்றுபோனது. உடல் அதைக் கேட்டு அழுகிறது. இதில் வெட்கப்படுவதற்கு ஏதுமில்லை. பசித்தவன் சோறு கேட்பது போன்றதுதான்.

இந்த இழப்பைப் பிறர் கேட்க மறுக்கும்போது அது இரட்டிப்பாகிறது. ஆலிவர் சாக்ஸ் என்ற புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் 1974-இல் நார்வே நாட்டு மலையொன்றில் தனியாக ஏறிச் சென்றபோது, ஒரு காளையைக் கண்டு அஞ்சி ஓடி விழுந்தார். இடது தொடைத் தசையின் நாண் கிழிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கால் தம்முடையதே அல்ல என்ற விபரீத உணர்வு அவரை வாட்டியது. அதை அவர் அறுவை மருத்துவரிடம் கூறியபோது, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று அவர் ஒதுக்கிவிட்டார். தாமே மருத்துவராக இருந்தும், நோயாளியின் சொல்லுக்கு எவ்வளவு குறைந்த மதிப்பு உள்ளது என்பதைப் படுக்கையில் கிடந்தபோதுதான் அவர் அறிந்துகொண்டார். இந்த அனுபவத்தைப் பின்னர் ஒரு நூலாகவும் எழுதினார். அதைப் படித்தபோது, அன்பருக்கு நான் எழுதிய ஒரு பக்கப் பதில் நினைவுக்கு வந்தது. அடுத்தவரின் வலிக்கு நாம் எடுத்து நீட்டும் வேதாந்தம், பல நேரங்களில் 'ஒன்றுமில்லை' என்று சொல்லும் அந்த மருத்துவரின் சொல்லைப் போன்றதுதான். வேதாந்தம் நமது சொந்த வலிக்கு நாமே அருந்த வேண்டிய மருந்து. அடுத்தவருக்கு முதலில் தர வேண்டியது காது.

பதஞ்சலியின் பட்டியல்

கால் கட்டுண்டிருந்த நாட்களில் பதஞ்சலியின் யோக சூத்திரத்தை மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். முதல் அத்தியாயத்தின் முப்பதாம் சூத்திரம், யோகப் பாதையில் மனத்தைச் சிதறடிக்கும் ஒன்பது தடைகளைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவதாக அவர் வைப்பது வியாதி. ஆசையையோ அகங்காரத்தையோ முதலில் வைக்கவில்லை. உடலின் சமநிலை கெடுவதையே முதலில் வைக்கிறார். ஆன்மீகத்தில் உடலுக்கு இடமில்லை என்று எண்ணுபவர்கள் இந்த வரிசையைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

வியாதியை அடுத்து மனம் செயலற்று உறைந்து போதல், ஐயம், கவனக்குறைவு, சோம்பல், நுகர்ச்சி வேட்கை, தவறான காட்சி, புதிய நிலையை எட்ட முடியாமை என்று தொடர்ந்து, ஒன்பதாவதாக 'அனவஸ்திதத்வம்' என்பதில் முடிக்கிறார். எட்டிய நிலையில் நிற்க முடியாமல் நழுவுதல் என்பது அதன் பொருள். காயமுற்ற ஒருவர் இந்தப் பட்டியலைப் படித்தால், தமது ஆறு வாரங்களின் நாட்குறிப்பைப் படிப்பது போலவே தோன்றும். முதலில் காயம், பிறகு எதிலும் பிடிப்பின்மை, 'பழையபடி ஆவேனா' என்ற ஐயம், 'இனி என்ன' என்ற சோம்பல், ஓட்டம் இல்லாத வெறுமையை நிரப்ப நொறுக்குத் தீனியும் தொலைக்காட்சியும், கடைசியில், பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் நாளுக்கு நாள் நழுவிப் போகிறதே என்ற அச்சம். எனக்கு நேர்ந்த வரிசை ஏறக்குறைய இதுதான். நொறுக்குத் தீனியைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம்.

அடுத்த சூத்திரம் இந்தத் தடைகளின் தோழர்களாக நான்கைச் சொல்கிறது. துன்பம், தௌர்மனஸ்யம், உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு. இவற்றுள் 'தௌர்மனஸ்யம்' என்பதைப் பல ஆண்டுகளாக நான் 'மனச்சோர்வு' என்றே மொழிபெயர்த்து வந்தேன். வியாசரின் உரை, விருப்பம் தடைப்படுவதால் உள்ளத்தில் எழும் கலக்கம் என்று அதற்குப் பொருள் சொல்கிறது. அதையும் பலமுறை படித்தவன்தான். ஆயினும், தேநீர் கொண்டு வந்த பிரம்மசாரியின் முகத்தைப் பார்த்த பிறகே அந்த உரை எனக்கு விளங்கியது. சோர்வு என்பது அணைந்த அடுப்பு. தௌர்மனஸ்யமோ மூடியிட்ட உலை. வெளியேற வழியில்லாத ஆவி மூடியைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அருகில் வருபவர் மேல் தெறிக்கிறது. ஜன்னல் வழியே ஓடுபவர்களைப் பார்த்து அன்பருக்கு வந்த கோபமும் இதுதான். அதற்குரிய சரியான பெயரை அறிந்ததே பாதி நிவாரணமாக இருந்தது. 'நான் கெட்டவனாகி விட்டேன்' என்பது வேறு. 'விருப்பம் தடைப்பட்டதால் உள்ளம் கொதிக்கிறது' என்பது வேறு. முன்னதற்குப் பரிகாரமே தோன்றாது. பின்னதற்கு மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும்.

புத்தர் பெருமான் சம்யுத்த நிகாயத்தில் உரைத்த இரண்டு அம்புகளின் உவமையும் இங்கு நினைக்கத்தக்கது. அறியாதவன் ஓர் அம்பு தைத்ததும், அதை நினைத்துக் குமுறி, இரண்டாவது அம்பாலும் தைக்கப்பட்டவன்போல் துடிக்கிறான். அறிந்தவனுக்கும் முதல் அம்பு வலிக்கும். ஆனால் அது ஒன்றோடு நின்றுவிடும். முதல் அம்பும் வலிக்காது என்று புத்தர் எங்கும் சொல்லவில்லை.

லயோலாவின் ஒன்பது மாதங்கள்

காயத்தால் முடக்கப்பட்டவர்களின் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தவர் ஸ்பெயின் நாட்டின் இக்னேஷியஸ் லயோலா. பின்னாளில் இயேசு சபையை நிறுவிய துறவி. ஆனால் 1521-இல் அவர் துறவியல்லர்; வீரமும் புகழும் அழகிய உடையுமே வாழ்க்கை என்றிருந்த ஒரு போர்வீரர். அவ்வாண்டு மே மாதம் பம்ப்லோனா கோட்டை முற்றுகையில் பீரங்கிக் குண்டு ஒன்று அவரது ஒரு காலை முறித்து, மற்றதையும் காயப்படுத்தியது. பல்லக்குப் போன்ற தூக்கில் வைத்துச் சொந்த ஊரான லயோலாவிற்கு எடுத்துச் சென்றனர். எலும்பு சரியாகப் பொருந்தாததால் அதை மீண்டும் முறித்துச் சேர்த்தனர். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. உயிர் போகும் நிலைக்குச் சென்று மீண்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விந்தை. எலும்பு கூடியபோது முழங்காலுக்குக் கீழே ஓரிடத்தில் புடைத்து நின்றது. கால் சற்றுக் குட்டையாகவும் போயிற்று. அக்காலத்து நாகரிகமான இறுக்கமான காலணிகளை இனி அணிய முடியாதே என்பது அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அந்தப் புடைப்பை அறுத்து நீக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். காலை நீட்டுவதற்காகக் கருவிகளால் நாட்கணக்கில் இழுத்து வைக்கவும் இசைந்தார். துறவியாகப் போகிறவர், காலணிக்காக எலும்பை அறுக்கச் சொன்னார்! தமது உடலின் பழைய உருவத்தின்மீது மனிதனுக்குள்ள பற்று எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நமது அன்பரின் சிவப்புக் கோடுகளை எண்ணிச் சிரிப்பவர்கள் இதையும் எண்ணட்டும். இத்தனைக்குப் பிறகும் அவர் வாழ்நாள் முழுவதும் சற்றுத் தாங்கித்தான் நடந்தார்.

படுக்கையில் பொழுது போகாமல், வீரர்களின் காதற் கதைகளைக் கொண்டு வரும்படி கேட்டார். வீட்டில் அத்தகைய நூல் ஒன்றும் இல்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறுகளும் மட்டுமே. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். படிப்பதற்கிடையே பழையபடி பகற்கனவும் காண்பார்: ஒரு சீமாட்டிக்காகத் தாம் ஆற்றப் போகும் வீரச் செயல்கள். சில நேரம் கனவு வேறு திசையில் செல்லும்: புனிதர்கள் செய்ததைத் தாமும் செய்தால் என்ன?

இரண்டு கனவுகளுமே காணும்போது இனித்தன. ஆனால் ஒரு நாள் அவர் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். முதல் வகைக் கனவு கலைந்தபின் உள்ளம் வறண்டும் அதிருப்தியுற்றும் கிடந்தது. இரண்டாம் வகைக் கனவு கலைந்த பின்னும் மகிழ்ச்சி எஞ்சி நின்றது. இந்தச் சிறு கவனிப்பிலிருந்துதான் அவரது ஆன்மீகப் பயிற்சி முறை முழுவதும் வளர்ந்தது என்று கூறலாம். அவர் கனவுகளை அடக்க முயலவில்லை. தம்மைக் கடிந்துகொள்ளவும் இல்லை. எது கலைந்தபின் என்ன எஞ்சுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்; அவ்வளவுதான். கால் ஊன்றி நடந்துகொண்டிருந்தவரை அவருக்கு அதற்கு நேரமிருந்ததில்லை.

அன்பரின் கேள்விக்கு விடை இங்கிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 11 ஆண்டு ஓட்டம் சாதனையா, பழக்கமா, போதையா? மூன்றும் அதில் கலந்தே இருந்தன. ஓடிக்கொண்டிருந்தவரை அவற்றைப் பிரித்தறிய முடியாது. ஓட்டம் நின்ற பிறகு எஞ்சுவதைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். உடல் அழுகிறதா? அது பழக்கம், சில வாரங்களில் அடங்கும். நாட்காட்டியின் வெற்றுக் கட்டங்கள் உறுத்துகின்றனவா? அது 'நான் தவறாதவன்' என்ற அபிமானம். இது சற்று ஆழமானது. ஆனால் விடியற்காலை 5 மணிக்கு இன்னமும் விழிப்பு வருகிறதா? இருட்டில் எழுந்து அமர முடிகிறதா? அப்படியானால் அதுதான் சாதனை. அது குதிகாலில் இருந்ததில்லை, ஆகவே அறுபடவும் இல்லை.

பதஞ்சலி, பயிற்சி உறுதிப்பட அது நெடுங்காலமாகவும் இடையறாமலும் சிரத்தையுடனும் செய்யப்பட வேண்டும் என்கிறார். இதில் 'இடையறாமல்' என்ற சொல்தான் காயமுற்றவர்களை வதைப்பது. இடையறாமை நாட்காட்டியைச் சேர்ந்ததா, உள்ளத்தைச் சேர்ந்ததா? நாட்காட்டியைச் சேர்ந்தது என்றால், காய்ச்சல் கண்ட எந்த யோகியும் தேற மாட்டார்.

செய்யத்தக்கவை

'ஒன்றும் செய்ய முடியாமல் கிடக்கிறேன்' என்பது காயமுற்றவர்களின் பொதுவான புலம்பல். உடற்கூற்று அறிவியல் இதை அவ்வளவாக ஒப்புவதில்லை. எலும்பு தன்மீது விழும் பாரத்திற்கு ஏற்பத் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்பதை ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892-லேயே விளக்கியிருந்தார். ஆகவே ஓய்வு, பாரம் இரண்டுமே மருந்துகள். எது எப்போது, எவ்வளவு என்பதை அறிந்தவர் மருத்துவரும் இயன்முறை மருத்துவரும். அவர்கள் சொன்ன நாளுக்கு முன்பே கட்டைக் கழற்றி நடந்து பார்ப்பது தைரியமல்ல, தௌர்மனஸ்யத்தின் வேலை.

இன்னொரு செய்தி எனக்குப் பெரும் வியப்பளித்தது. ஒரு கையைப் பயிற்றுவித்தால், பயிற்சியே பெறாத மறு கையும் ஓரளவு வலுப்பெறுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1894-இலேயே இது கண்டறியப்பட்டது. கட்டுண்ட காலுக்காக, மற்ற காலைக் கொண்டு மருத்துவர் அனுமதிக்கும் பயிற்சிகளைச் செய்யலாம். 2014-இல் ஒஹையோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காயம் ஏதுமில்லாத தன்னார்வலர்களின் மணிக்கட்டை நான்கு வாரங்கள் கட்டிட்டு அசையாமல் வைத்தனர். அவர்களில் ஒரு பிரிவினர் கட்டுண்ட கையின் தசைகளை இறுக்குவதாக மனத்தால் மட்டும் பாவித்து வந்தனர். கட்டுப் பிரித்தபோது அவர்கள் இழந்திருந்த வலிமை, மற்றவர்கள் இழந்ததில் ஏறத்தாழப் பாதிதான். மானச பூஜையில் பழகிய நமது அன்பர்களுக்கு இது அந்நியமான முறையல்லவே! மலர் இல்லாதபோது மனத்தால் மலரிடுபவர், கால் இல்லாதபோது மனத்தால் ஓடட்டும். ஆனால் பதற்றத்தோடு அல்ல. ஒவ்வோர் அடியையும் முழுமையாக உணர்ந்து, பத்து நிமிடம்.

இயன்முறைப் பயிற்சியின் சலிப்பைப் பற்றியும் ஒரு சொல். பாதத்தை மேலே பத்து முறை, கீழே பத்து முறை; வட்டமாகப் பத்து முறை. 10 கிலோமீட்டர் ஓடியவருக்கு இது குழந்தை விளையாட்டுப் போலத் தோன்றி அவமானமாக இருக்கும். எனக்கும் இருந்தது. பிறகு ஒவ்வோர் அசைவிற்கும் ஒரு நாமம் என்று வைத்துக்கொண்டேன். அசைவு சிறியதாக இருந்ததாலேயே நாமத்தைக் கவனிக்க இடம் இருந்தது. நடந்துகொண்டே ஜபித்த நாட்களில் பெரும்பாலும் நடைதான் நடந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஓடுபவர்களைக் கண்டு எழும் எரிச்சலுக்குப் பதஞ்சலியே மருந்தும் சொல்லியிருக்கிறார். மனம் தெளிய, சுகமாக இருப்பவர்களிடம் நட்பையும் துன்புறுபவர்களிடம் கருணையையும் வளர்த்துக்கொள்ளும்படி முப்பத்து மூன்றாம் சூத்திரத்தில் கூறுகிறார். துன்புறுபவரிடம் கருணை என்பது எளிதில் விளங்கும். சுகமாக இருப்பவரிடம் நட்பை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? பிறர் சுகத்தைக் கண்டால் மனம் இயல்பாகச் செல்லும் வழி பொறாமை என்பதால்தான் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். ஜன்னலை மூடிவிடுவது ஒரு வழி. திறந்து வைத்து, ஓடுபவர்களில் ஒருவரையாவது 'இவர் நன்றாக ஓடட்டும்' என்று நினைப்பது இன்னொரு வழி. முதல் சில நாட்கள் அது உதட்டளவில்தான் வரும். பரவாயில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலும் எதிலும் விருப்பமின்றி மனம் இருண்டே கிடந்தால், உறக்கமும் உணவும் முற்றிலும் கெட்டால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால், அதை ஜபத்தால் மட்டும் தீர்க்க முயல வேண்டாம். எலும்பிற்கு மருத்துவரிடம் செல்ல வெட்கப்படாதவர் மனத்திற்குச் செல்லவும் வெட்கப்பட வேண்டியதில்லை. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தொலைபேசியில் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மீண்டும் ஒரு கடிதம்

மாவுக்கட்டுடனேயே அமர்ந்து அன்பருக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். முந்தைய பதிலுக்காக மன்னிப்புக் கேட்டேன். என் கணுக்காலைப் பற்றியும் தேநீரைப் பற்றியும் எழுதினேன். இம்முறை உடனே பதில் வந்தது, எட்டுப் பக்கங்களில்.

நாட்காட்டியில் இப்போது நீல மையால் கோடு இடுகிறாராம். இயன்முறைப் பயிற்சி செய்த நாட்களுக்கு நீலம். இரண்டு நாட்கள் விட்டுப் போயினவாம். அந்தக் கட்டங்களை வெறுமையாகவே விட்டு வைத்திருக்கிறாராம். மனைவியிடம் தட்டைத் தள்ளியதற்காக வருத்தம் தெரிவித்ததாகவும், 'அதைப் பற்றிப் பேச உங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்றா?' என்று அவர் சிரித்ததாகவும் எழுதியிருந்தார். ஊன்றுகோலுடன் ஒரு நாள் காலை ஏரிக்கரைக்குச் சென்று பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். அவ்வழியே ஓடி வந்த இளைஞர் ஒருவர் அவரைக் கண்டதும் நின்று, 'கேமோன் ஆச்சேன், தாதா?' என்று நலம் விசாரித்து, இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று அருகில் அமர்ந்துவிட்டாராம். பல ஆண்டுகளாக அந்த இளைஞரைத் தினமும் கடந்து ஓடியிருந்தும், அவரது பெயரைக் கேட்டு அறிந்தது அன்றுதான் என்று எழுதியிருந்தார்.

எனது கட்டையும் பிரித்துவிட்டார்கள். மாலையில் மீண்டும் நடக்கிறேன். இப்போதைக்கு முதல் மைல்கல் வரைதான். கால் இடறினால் பிடித்துக்கொள்ள அந்தப் பிரம்மசாரி உடன் வருகிறார். வழி நெடுக ஏதேனும் கேட்டுக்கொண்டே வருவார். வாக்கியங்கள் எதுவும் இளகுவதில்லை.